கூலியா? கூட்டாளியா?

(சிறு வியாபாரிகளும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)

   

வியாபாரக் கூட்டு பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். கணக்கு எழுதுவது எப்படி, லாபத்தைப் பங்கு வைப்பது எப்படி என்று சொல்லித்தர இங்கே என்னைவிட அனுபவசாலிகள் அமர்ந்திருக்கிறீர்கள். எனவே நான் அதைப் பேசப் போவதில்லை. ஒரு மனிதர் மீன் விற்ற கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1993-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம். அங்கே மிக்மாக் என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த டொனால்ட் மார்ஷல் விலாங்கு மீன் பிடித்தார். மொத்தம் 463 பவுண்டு. நம் கணக்கில் சுமார் 210 கிலோ. அதை 787 டாலர் 10 சென்ட்டுக்கு விற்றார். உடனே வழக்குப் பாய்ந்தது! உரிமம் இல்லாமல் மீன் பிடித்தது, உரிமம் இல்லாமல் விற்றது, தடைக்காலத்தில் வலை போட்டது என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன.

யார் இந்த மார்ஷல்? 17 வயதில், தான் செய்யாத ஒரு கொலைக்காகக் கைதுசெய்யப்பட்டு, தண்டிக்கப்பட்டு 11 ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். பிறகு நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவர். அவருடைய வழக்கை ஆராய்ந்த விசாரணைக் குழு, அவர் பூர்வகுடி இனத்தவர் என்பதும் அநீதிக்கு ஒரு காரணம் என்று பகிரங்கமாகவே சொன்னது. அப்படிப்பட்டவர்தான் மீன் விற்ற குற்றத்துக்காக மறுபடியும் கூண்டில் ஏறினார்.

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சுமார் 27 ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரியில், அதே மிக்மாக் மக்களின் ஏழு சமூகங்கள் வட அமெரிக்காவின் மிகப் பெரிய சிப்பி, சிங்கி இறால் நிறுவனங்களில் ஒன்றான கிளியர்வாட்டரின் சரிபாதி உரிமையாளர்களாக ஆயின. நிறுவனத்தின் விலை சுமார் 100 கோடி கனடா டாலர்!

787 டாலர் மீனை விற்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்கள், 100 கோடி டாலர் நிறுவனத்தில் பாதிக்கு உரிமையாளர்கள் ஆனது எப்படி? யாராவது தானம் கொடுத்தார்களா? இல்லை. அரசு இரக்கப்பட்டதா? அதுவும் இல்லை. எப்படி நடந்தது என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

விற்பதற்கும் அனுமதிச் சீட்டு!

சகோதரர்களே! "அவர்களுக்கு வியாபாரம் வராது. உழைக்க மாட்டார்கள். அரசாங்கப் பணத்தில் வாழ்கிறவர்கள்." கனடாவின் பூர்வகுடிகளைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டுவந்த பேச்சு இது. உண்மை என்ன?

அந்த மக்கள் காலம்காலமாக வியாபாரிகள். ஐரோப்பியர் கனடாவில் காலூன்றியதே அவர்களோடு செய்த ரோம வியாபாரத்தால்தான். அப்படிப்பட்டவர்களின் கைகளைச் சட்டம் போட்டுக் கட்டினார்கள். 1876-இல் 'இந்தியர் சட்டம்' வந்தது. இங்கே 'இந்தியர்' என்பது நம்மை அல்ல. அம்மக்களுக்கு வெள்ளையர் சூட்டிய பெயர். அந்தச் சட்டத்தின்படி அவர்கள் வாழும் 'ரிசர்வ்' எனப்படும் ஒதுக்கீட்டு நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லை, அரசுக்குச் சொந்தம்.

மேற்குச் சமவெளிகளில் விவசாயம் செய்யச் சொன்னார்கள். செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். பக்கத்தில் குடியேறிய வெள்ளை விவசாயிகளுக்கு அது பொறுக்கவில்லை. 1880-களில் ஒரு விதி வந்தது: தானியமோ, மாடோ, வைக்கோலோ, விறகோ எதை விற்பதானாலும் அரசு அதிகாரியின் அனுமதிச் சீட்டு வேண்டும்! தன் வயலில் தான் விளைவித்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக ஓர் அதிகாரியின் கையெழுத்துக்குக் காத்து நிற்க வேண்டும். 1889-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இவர்கள் இயந்திரங்களைப் பயன்படுத்தக் கூடாது. கைக்கருவிகளைக் கொண்டே விவசாயம் செய்ய வேண்டும் என்று கொள்கை வகுத்தார்கள். ஒருவனுக்கு இயந்திரம், மற்றவனுக்கு அரிவாள். பிறகு போட்டியில் தோற்றுவிட்டான் என்று பழி!

அநியாயத்தை எதிர்த்து நீதிமன்றம் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். 1927-இல் அதற்கும் பூட்டுப் போட்டார்கள். நில உரிமைக்காக வழக்கு நடத்த இம்மக்களிடம் அரசின் அனுமதியின்றிப் பணம் வாங்குவது குற்றம் என்றார்கள். வழக்கறிஞருக்குக் கூலி கொடுக்க முடியாவிட்டால் வழக்கு எங்கே நடக்கும்? 1951 வரை இந்தத் தடை நீடித்தது. விளைபொருளை விற்கும் அனுமதிச் சீட்டுப் பிரிவோ, நடைமுறையில் கைவிடப்பட்ட பிறகும் சட்டப் புத்தகத்தில் 2014 வரை கிடந்தது!

இன்னொரு பூட்டு இன்றும் இருக்கிறது. அதே சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி, ஒதுக்கீட்டு நிலத்தில் உள்ள அவர்களுடைய சொத்தை வெளியார் யாரும் அடமானமாகப் பெறவோ, ஜப்தி செய்யவோ முடியாது. வெளியார் நிலத்தைப் பறித்துவிடாமல் இருக்கப் போட்ட பாதுகாப்பு என்று இதைச் சொல்கிறார்கள். அது உண்மையும்கூட. ஆனால் விளைவு என்ன? அடமானம் இல்லையென்றால் வங்கி கடன் தராது. கடன் இல்லையென்றால் முதல் இல்லை. முதல் இல்லாதவன் கூட்டு வியாபாரத்தில் என்ன போடுவான்? தன் உடல் உழைப்பை மட்டும்தான். அதனால்தான் அவன் எப்போதும் கூலியாகவே இருந்தான்.

இவற்றோடு பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த கொடுமையும் சேர்ந்தது. சுமார் ஒன்றரை இலட்சம் குழந்தைகள்! தாய்மொழி பேசினால் தண்டனை. குடும்பத் தொழிலைத் தந்தையிடமிருந்து மகன் கற்கும் வழியே அறுபட்டது. ஆக, இவர்களுக்கு வியாபாரம் வராமல் போகவில்லை. வியாபாரம் செய்யவிடாமல் தடுத்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும்.

கம்பெனிகள் ஏன் வாசலுக்கு வந்தன?

இன்று கனடாவில் எண்ணெய், சுரங்கம், மின்சாரம், மீன்பிடி ஆகிய துறைகளின் பெரிய நிறுவனங்கள் பூர்வகுடிச் சமூகங்களின் வாசலுக்கு வந்து கூட்டுச் சேரப் பேசுகின்றன. திடீரென்று மனம் திருந்திவிட்டார்களா? நாம் ஏமாளிகளாக இருக்கக் கூடாது. காரணம் சட்டம்.

1982-இல் கனடாவின் அரசியல் சட்டம் அதன் 35-ஆவது பிரிவில் பூர்வகுடிகளின் உரிமைகளையும், முன்னோர் செய்த உடன்படிக்கைகளின் உரிமைகளையும் அங்கீகரித்தது. அந்த வரிகளும் தானாக வந்துவிடவில்லை. போராடித்தான் சேர்க்க வைத்தார்கள். பிறகு அந்த வரிகளுக்கு உயிர் கொடுக்க ஒவ்வொரு வழக்காக நடத்தினார்கள்.

நமது மார்ஷல் வழக்கு அதில் ஒன்று. கீழ் நீதிமன்றத்தில் தோற்றார். மேல்முறையீட்டில் தோற்றார். ஆனால் 1999 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. எதை வைத்து? 1760, 61-ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரசோடு அவருடைய முன்னோர் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையை வைத்து! அரசின் வியாபாரக் கிடங்குகளில் மட்டுமே பொருள் கொண்டுவந்து விற்போம் என்று அன்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். விற்பதற்குப் பொருள் வேண்டுமென்றால் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உரிமை இருந்தாக வேண்டும் அல்லவா? எனவே ஒரு மிதமான வாழ்வாதாரத்துக்காக மீன் பிடித்து விற்கும் உரிமை இவர்களுக்கு உண்டு என்றது நீதிமன்றம். ஏறத்தாழ 240 ஆண்டுகள் பழைய ஒரு காகிதம் பேசியது!

2004-இல் ஹைடா இனத்தவர் தொடுத்த வழக்கில் இன்னொரு தீர்ப்பு. பூர்வகுடிகளின் உரிமையைப் பாதிக்கக்கூடிய எந்த முடிவையும் எடுப்பதற்கு முன் அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டியது அரசின் கடமை என்றது உச்ச நீதிமன்றம். அந்தக் கடமை அரசுக்குத்தான், கம்பெனிக்கு அல்ல. ஆனால் அரசு ஒழுங்காகக் கலந்தாலோசிக்கவில்லையென்றால் திட்டத்தின் அனுமதி ரத்தாகும். கம்பெனி கொட்டிய பணம் முடங்கும். இதைக் கம்பெனிகள் புரிந்துகொண்டன. "வழக்கு மன்றத்தில் சந்திப்பதைவிட வியாபார மேசையில் சந்திப்பது லாபம்" என்ற முடிவுக்கு வந்தன.

இதிலே பாடம் என்ன? கையில் உரிமை இல்லாதவன் கேட்டால் அது யாசகம். உரிமை உள்ளவன் கேட்டால் அது பேரம். கூட்டாளி ஆவதற்கு முதல் படி உரிமைச் சீட்டு. பணம் அதற்குப் பிறகுதான்!

துடைப்பத்தில் தொடங்கிய பயணம்

சரி, உரிமை வந்துவிட்டது. உடனே பங்காளி ஆகிவிட முடியுமா? முடியாது. ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஃபோர்ட் மெக்கே என்ற சிறிய ஊருக்குப் போவோம்.

அத்தபாஸ்கா ஆற்றங்கரையில் கிரீ, டெனே இனத்தவர் வாழும் ஊர். மொத்தமே சில நூறு பேர். மீன், வேட்டை, பொறி வைத்துப் பிடிக்கும் விலங்குகளின் ரோமம், இவைதான் வாழ்க்கை. 1899-இல் செய்த எட்டாம் உடன்படிக்கையில் இவர்களும் சேர்ந்தவர்கள். இவர்களுடைய காலடியில் உலகின் மிகப் பெரிய எண்ணெய் வளங்களில் ஒன்று கிடந்தது. மணலோடு கலந்த கெட்டியான தார். 1967-இல் முதல் பெரிய ஆலை வந்தது. 1978-இல் சின்க்ரூட் ஆலை வந்தது. காடு அழிந்தது, வேட்டை குறைந்தது, ரோமச் சந்தையும் சரிந்தது. பக்கத்திலே கோடிக்கணக்கில் பணம் புரள, ஊர் வறுமையில் கிடந்தது.

1986-இல் அந்த ஊரார் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். முதல் வேலை என்ன தெரியுமா? துப்புரவு ஒப்பந்தம்! எண்ணெய் ஆலையின் கட்டடங்களைக் கூட்டிப் பெருக்கும் வேலை. கௌரவக் குறைவு என்று ஒதுங்கவில்லை. அதே சமயம் துடைப்பத்தோடு நின்றுவிடவும் இல்லை. அதில் வந்த காசையும், அதைவிட முக்கியமாக அதில் கிடைத்த அனுபவத்தையும் வைத்து மண் அள்ளும் இயந்திரங்கள் வாங்கினார்கள். எரிபொருள் விநியோகம், வாகனப் பராமரிப்பு, தொழிலாளர் தங்கும் முகாம்கள் என்று ஒவ்வொன்றாக ஏறினார்கள். டெண்டர் எப்படிப் போடுவது, கால தாமதம் இல்லாமல் எப்படி முடிப்பது, பாதுகாப்பு விதிகளை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதையெல்லாம் ஒரு தலைமுறை செலவழித்துக் கற்றார்கள்.

பிறகு 2017-இல் என்ன நடந்தது பாருங்கள். சன்கோர் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் நிறைந்த பெரிய சேமிப்பு நிலையம் ஒன்றில் 49 சதவீதப் பங்கை ஃபோர்ட் மெக்கே மக்களும், ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் மிக்கிசூ கிரீ மக்களும் சேர்ந்து வாங்கினார்கள். ஃபோர்ட் மெக்கேக்கு 34.3 சதவீதம், மிக்கிசூ கிரீக்கு 14.7 சதவீதம். விலை சுமார் 50 கோடியே 30 இலட்சம் டாலர்!

பணம் எங்கிருந்து வந்தது? கடன் பத்திரம் வெளியிட்டுச் சந்தையில் திரட்டினார்கள். வட்டி குறித்து நமக்கென்று ஒரு நிலைப்பாடு உண்டு. அது தனி விவாதம். அவர்கள் எந்தச் சொத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். எண்ணெய்க் கிணற்றை வாங்கவில்லை. எண்ணெய் விலை இன்று ஏறும், நாளை விழும். சேமிப்பு நிலையத்துக்கோ நீண்டகால ஒப்பந்தத்தின்படி கட்டணம் வந்துகொண்டே இருக்கும். நிச்சயமான வருமானம் இருந்ததால்தான் நிலத்தை அடமானம் வைக்காமலேயே பணம் திரட்ட முடிந்தது. 89-ஆம் பிரிவு போட்ட பூட்டை உடைக்காமல், பக்கத்து வாசல் வழியே வெளியே வந்தார்கள்!

இந்த வழியை மற்றவர்களும் பின்பற்றினார்கள். 2021-இல் எட்டுப் பூர்வகுடிச் சமூகங்கள் ஒரு குழாய்ப்பாதையில் 15 சதவீதப் பங்கை சன்கோருடன் கைகோத்து வாங்கின. 2022-இல் 23 சமூகங்கள் ஒன்றுசேர்ந்து என்பிரிட்ஜ் நிறுவனத்தின் ஏழு குழாய்ப்பாதைகளில் 11.57 சதவீதத்தை 112 கோடி டாலருக்கு வாங்கின. 23 சமூகங்கள்! அவர்களுக்குள் மொழி வேறு, வரலாறு வேறு, பழைய மனத்தாங்கல்கள்கூட உண்டு. ஆனாலும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். தனித்தனியாகப் போயிருந்தால் அவர்களில் யாருக்கும் இது கிடைத்திருக்காது.

விரட்டப்பட்டவர்கள் வாங்கினார்கள்

மறுபடி கிழக்குக் கரைக்கு வருவோம். கிளியர்வாட்டர் நிறுவனத்தை வாங்கியதில் தலைமை வகித்தது மெம்பர்டூ என்ற மிக்மாக் சமூகம். இவர்கள் ஒரு காலத்தில் சிட்னி என்ற கனடா நகரத்தின் துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்தவர்கள். நகரம் வளர்ந்தது. "இவர்கள் இங்கே இருப்பது எங்கள் சொத்துக்களின் மதிப்பைக் குறைக்கிறது" என்று அண்டை வீட்டார் கிளம்பினார்கள். 1916-இல் நீதிமன்றமே இவர்களை அப்புறப்படுத்த உத்தரவிட்டது. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளப்பட்டார்கள்.

1990-களின் நடுவில் மெம்பர்டூவின் நிர்வாகம் கடனில் தத்தளித்தது. தலைவர் டெர்ரி பால் என்ன செய்தார்? வெளியூர்களில் படித்து வேலை பார்த்துக்கொண்டிருந்த தம் இனத்து இளைஞர்களைத் திரும்ப அழைத்தார். முதலில் கணக்கைச் சரிசெய்தார்கள். வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். 2002-இல் ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ் பெற்றார்கள். ஒரு பூர்வகுடிச் சமூக நிர்வாகம் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. "இவர்கள் கணக்கை நம்பலாமா?" என்று கேட்ட நிறுவனங்களுக்கு அதுதான் பதில்.

அடுத்தது முதல். தனியாகப் போனால் வங்கி மதிக்காது. 2005-இல் கொண்டுவரப்பட்ட ஒரு சட்டத்தின் கீழ், பூர்வகுடிச் சமூகங்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு நிதி ஆணையத்தை அமைத்துக்கொண்டன. அவரவர் சொந்த வருமானத்தைக் காட்டி, எல்லோரும் கூட்டாகச் சந்தையில் கடன் திரட்டுவது அதன் முறை. 2014-இல் முதல் கடன் பத்திரம் வெளிவந்தது. கிளியர்வாட்டரை வாங்குவதற்கு மிக்மாக் கூட்டணிக்கு 25 கோடி டாலரை 30 ஆண்டுத் தவணையில் கொடுத்தது இந்த ஆணையம்தான்! மறுபாதியை வாங்கியது பிரீமியம் பிராண்ட்ஸ் என்ற உணவுத் தொழில் நிறுவனம். மீன்பிடி உரிமங்கள் மிக்மாக் தரப்பின் வசம் இருக்கும். விற்பனையில் கைதேர்ந்தவர்கள் தொழிலுக்குத் துணை நிற்பார்கள் என்பது ஏற்பாடு. ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை. இருவரும் சேர்ந்தால்தான் தொழில். கூட்டு என்றால் அதுதான்!

இது நடந்த காலச் சூழலையும் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பரில் சிபெக்னகாட்டிக் என்ற மிக்மாக் சமூகம் உடன்படிக்கை உரிமையின் பேரில் சொந்தமாகச் சிங்கி இறால் பிடிக்கத் தொடங்கியது. எதிர்ப்பு வெடித்தது. அக்டோபரில் இறால் இருப்பு வைக்கும் கிடங்கு ஒன்று தீக்கிரையானது. 1999 தீர்ப்பு வந்து 21 ஆண்டுகள் ஆகியும் கடலில் நிலைமை அப்படி இருந்தது! அந்தச் சாம்பல் ஆறும் முன்னே, நவம்பரில் கிளியர்வாட்டர் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. வாங்கிய ஏழு சமூகங்களில் அந்தச் சிபெக்னகாட்டிக்கும் ஒன்று.

கசப்பான பக்கம்

சகோதரர்களே! ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் நான் உங்களுக்கு மோசடி செய்தவன் ஆவேன். கசப்பையும் கேளுங்கள்.

முதலாவது, பினாமிகள். கனடா அரசு 1996-லேயே அரசுக் கொள்முதலில் பூர்வகுடி நிறுவனங்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கும் திட்டம் கொண்டுவந்தது. ஒப்பந்தங்களின் மதிப்பில் குறைந்தது 5 சதவீதம் என்ற இலக்கு 2021-இல் அறிவிக்கப்பட்டது. 51 சதவீதம் பூர்வகுடி உரிமை இருக்க வேண்டும் என்பது விதி. உடனே என்ன நடந்தது? பெயர்ப் பலகையில் ஒரு பூர்வகுடிப் பெயர். கல்லாப் பெட்டியில் வேறு ஒருவர் கை! 2024-இல் கனடா நாடாளுமன்றக் குழு இதை விசாரிக்கும் அளவுக்குப் போனது. பெயரை வாடகைக்கு விட்டவனுக்குக் கிடைத்தது சில்லறை. உண்மையாகத் தொழில் செய்யும் அவனுடைய சொந்த இனத்தவன்தான் டெண்டரை இழந்தான். பெயரை விற்பவன் தன் சமுதாயத்தின் வாய்ப்பையும் சேர்த்து விற்கிறான்!

இரண்டாவது, கூட்டாளியின் கழிவு. இம்பீரியல் ஆயில் நிறுவனத்தின் கேர்ல் எண்ணெய் மணல் சுரங்கத்தில் கழிவுநீர் கசிவது 2022 மே மாதமே தெரியவந்தது. 2023-இன் தொடக்கத்தில் இன்னொரு விபத்தில் 53 இலட்சம் லிட்டர் கழிவுநீர் வெளியேறியது. அப்பகுதி மக்களுக்கு முழு விவரம் சொல்லப்பட்டது 2023 பிப்ரவரியில்தான்! இடைப்பட்ட ஒன்பது மாதங்கள் அவர்கள் அங்கே வேட்டையாடினார்கள். மீன் பிடித்துச் சாப்பிட்டார்கள். நிறுவனத்தின் தலைவர் பின்னர் நாடாளுமன்றக் குழு முன் மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவர்களில் மிக்கிசூ கிரீ மக்களும் உண்டு. ஒரு கையில் எண்ணெய்த் தொழிலின் பங்குப் பத்திரம். மறு கையில் குடிக்கலாமா என்று சந்தேகப்படும் தண்ணீர்! இந்த வேதனையை அவர்கள் மறைக்கவில்லை. நாமும் மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது, கடன். ஏதாவது ஒரு காரணத்தால் மீன் வளம் குறைந்தாலோ சந்தை விழுந்தாலோ 30 ஆண்டுக் கடனை யார் சுமப்பது? பெரிய நிறுவனத்தை வாங்கியதால் சிறு படகில் போகும் சாதாரண மீனவனின் உடன்படிக்கை உரிமை கிடைத்துவிடுமா? கம்பெனியின் உரிமம் வேறு. முன்னோர் தந்த உரிமை வேறு அல்லவா? மிக்மாக் மக்களுக்குள்ளேயே இந்தக் கேள்விகள் எழுந்தன. கேள்வி கேட்டவர்களைத் துரோகிகள் என்று முத்திரை குத்துவது சுலபம். ஆனால் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

ஆனால் கூட்டாளியாக இருந்துகொண்டே எதிர்த்து நிற்கவும் முடியும் என்பதையும் ஃபோர்ட் மெக்கே காட்டியது. மூஸ் லேக் என்ற ஏரிப் பகுதி அவர்களுக்கு மிஞ்சியிருந்த வேட்டை நிலம். மூதாதையர் நினைவுகள் உள்ள இடம். அதன் அருகே இன்னொரு நிறுவனத்தின் எண்ணெய்த் திட்டத்துக்கு ஆல்பர்ட்டா மாகாண ஆணையம் அனுமதி கொடுத்தது. எண்ணெய்ப் பணத்தில் வாழும் ஊர், வாய் திறக்காது என்று நினைத்திருப்பார்கள். ஊர் வழக்குப் போட்டது. 2020-இல் ஆல்பர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. எண்ணெயால் கிடைத்த பொருளாதார பலம் அவர்களுடைய வாயை அடைக்கவில்லை. வழக்கு நடத்தும் வலுவைக் கொடுத்தது. 1927-இல் வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்கள் அல்லவா அவர்கள்!

கையெழுத்துப் போடும் முன்

2015-இல் கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், விடுதிப் பள்ளிக் கொடுமைகளை விசாரித்து 94 பரிந்துரைகளைச் சொன்னது. அவற்றில் 92-ஆவது, வியாபார உலகத்தைப் பார்த்துச் சொன்னது. தொழில் தொடங்கும் முன் அம்மக்களின் சுதந்திரமான, முன்கூட்டிய, விவரமறிந்த சம்மதத்தைப் பெறுங்கள். வேலையிலும் பயிற்சியிலும் சம வாய்ப்புக் கொடுங்கள். திட்டத்தின் பலன் நீண்ட காலத்துக்கு அவர்களைச் சேரச் செய்யுங்கள். உங்கள் அதிகாரிகளுக்கு இந்த மக்களின் வரலாற்றைக் கற்பியுங்கள் என்றது. வரலாறு தெரியாதவனோடு கூட்டுச் சேர்ந்தால் அவன் உங்களுக்குச் சலுகை காட்டுவதாகவே கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பான்.

இந்த மக்களின் ஏறத்தாழ நாற்பது ஆண்டு அனுபவத்திலிருந்து சில கேள்விகளை எடுத்துத் தருகிறேன். பெரிய நிறுவனத்தோடு கூட்டுச் சேரும் எந்தச் சிறிய சமூகமும், எந்தச் சிறிய வியாபாரியும் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

நமக்குக் கிடைப்பது வேலையா, ஒப்பந்தமா, பங்கா? வேலை ஆலை மூடும் வரை. ஒப்பந்தம் அடுத்த டெண்டர் வரை. பங்கு மட்டுமே பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும்.

கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் உரிமை நமக்கு உண்டா? இல்லையென்றால் 49 சதவீதமும் காகிதத்தில் மட்டும்தான்.

நம்மவர்களில் யார் தொழிலைக் கற்றுக்கொள்வார்கள்? பத்து ஆண்டுகள் கழித்தும் நிர்வாகம் முழுக்க அவர்கள் கையிலேயே இருந்தால், அது கூட்டு அல்ல; வாடகை.

கெடுதல் நேர்ந்தால் முதலில் யாருக்குத் தெரிவிப்பார்கள்? எத்தனை நாளில்? இதை எழுத்தில் வாங்குங்கள். ஒன்பது மாத மௌனம் என்ன செய்யும் என்று பார்த்தோம்.

கடைசியாக, "வேண்டாம்" என்று சொல்லும் பலம் நம்மிடம் மிச்சம் இருக்கிறதா? "சரி" என்று மட்டுமே சொல்லக் கூடியவன் கூட்டாளி அல்ல.

பெரியோர்களே! டொனால்ட் மார்ஷல் 2009-இல் காலமானார். கிளியர்வாட்டர் ஒப்பந்தத்தைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 787 டாலர் மீனுக்காக ஆறு ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால், அந்த மக்களுக்கு இன்றும் மீன் விற்பது குற்றமாகவே இருந்திருக்கும். நூறு கோடியைப் பற்றி யாரும் அவர்களோடு பேச வந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கூட்டத்திலிருந்து வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். இப்போது நீங்கள் யாரோடு தொழில் செய்கிறீர்களோ அந்த ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். பதில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், நீங்கள் கூட்டாளியா கூலியா என்பதை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.